அவர் மறுத்ததைத் தப்பாக எடுக்காதீர்கள்

அட்லாண்டாவில் உங்கள் டீமில் இருக்கும் ஒரே கறுப்பினப் பெண், பன்முகத்தன்மைக் குழுவை (எல்லா இனத்தவருக்கும் வேலையிடத்தில் சம இடம் கிடைக்கப் பார்க்கும் குழு) நடத்த மறுத்துவிட்டார், அக்கறை இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் இந்த வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது, பதவி உயர்விலும் கணக்கில் வராது. சிறுபான்மை இனப் பேராசிரியர்கள் தலையில் விழும் இதே சுமைக்கு 1994-இல் அமெரிக்க உளவியலாளர் அமாடோ படில்லா ‘பண்பாட்டு வரி’ என்று பெயர் வைத்தார்.

அந்த வரியை அவர் தினமும் கட்டிக்கொண்டிருக்கலாம். மீட்டிங்கில் மறுத்துப் பேசினால் ‘கோபக்காரி’ என்று பெயர் வருமோ என்று குரலை அளந்து பேச வேண்டும். தலைமுடியைப் பின்னல் போட்டு வந்தால் வேலையிடத்துக்குப் பொருந்தாது என்பார்களோ என்றுகூட யோசிக்க வேண்டும். முடியை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அப்புறம், தான் ஒரு தவறு செய்தால் அது தன் இனத்தின் தவறாகிவிடுமோ என்ற பயம் வேறு. இதுதான் ரொம்பக் கொடுமை என்று எனக்குத் தோன்றும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? காரணம் கேட்டு நச்சரிக்காதீர்கள். குழுவை நீங்களே எடுத்து நடத்துங்கள். பிறகு யார் சேர்ந்தாலும் அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டு, வருட மதிப்பீட்டில் எழுதுங்கள்.