வீட்டில் தோட்டா நிரப்பும் இடத்தைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டுக்காரர். அவருடைய அண்ணன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் குடியிருக்கிறார். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மீண்டும் வெடிமருந்தும் குண்டும் நிரப்பிக்கொள்வதற்காக வீட்டின் கார் கொட்டகையில் ஒரு மேசை போடப்போகிறார். அது நான்கு வயதுக் குழந்தை உள்ள வீடு. என்னென்ன கவனிக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. காட்டுப்பன்றிக்காக உரிமத்துடன் வைத்திருக்கும் பன்னிரண்டு ‘போர்’ (குழல் அளவு) துப்பாக்கிக்கு, இங்கே ஊரிலும் அதுபோல நிரப்பிக்கொள்ளலாமா என்பது இரண்டாவது.

என் ஊர் கொழிஞ்சாம்பாறை. கொலம்பஸ் நகரை அடுத்த ஓர் ஊரில் இயந்திரப் பட்டறையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2018-இல் திரும்பி வந்து, இப்போது தென்னையும் நிலக்கடலையும் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கிரீன் கார்டு கிடைத்த பிறகு ஏழு ஆண்டுகள், குறி பார்த்துச் சுடும் பழக்கத்துக்கு வேண்டிய தோட்டாக்களை நானே நிரப்பினேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் திருத்திக்கொள்ள இடமில்லை. இங்கே செய்யாதீர்கள். உங்களிடம் இருப்பது துப்பாக்கியை வைத்திருப்பதற்கும் தோட்டா வாங்கி வைத்துக்கொள்வதற்குமான உரிமம். தோட்டா செய்வதற்கான உரிமம் அன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாம் பிரிவில், தோட்டா உற்பத்திக்குத் தனி உரிமம் கேட்கிறது. அந்தச் சட்டம் ‘தோட்டா’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே தோட்டாவின் உறுப்புகளும், அதைச் செய்யும் இயந்திரமும் அடங்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகவே அண்ணன் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில், கூட்டில் குண்டைப் பொருத்தும் ஒரு சிறிய அழுத்தும் கருவியைப் போட்டுக்கொண்டு வந்தால், அதில் ஒரு தோட்டாகூட நிரப்பாவிட்டாலும், சிக்கல் தொடங்கிவிடும். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றி உற்பத்தி செய்வதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுகள். அது ஆயுள் வரை போகலாம். பன்றி தின்ற நிலக்கடலைக்காக யாரும் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது. காலிக் கூடு சேர்ந்துவிட்டது, வீணாகிறதே என்ற எண்ணம் எனக்கும் வந்ததுண்டு. அது வீணாகவே போகட்டும்.

இனி அண்ணனுடைய மேசைக்கு வருகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள நடுவணரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால்தான் தேவை. ஆனால் அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். வேலை விசா, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அந்நாட்டு நடுவணரசுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. நம்மவர்கள் பலர், உடன் வேலை செய்யும் அமெரிக்கர் செய்கிறார் என்று பார்த்து, இதை விசாரிக்காமலே இறங்கிவிடுகிறார்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, கார் கொட்டகையை நான் விரும்பமாட்டேன். அங்கே பல வீடுகளில் கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டரும் துணி உலர்த்தும் இயந்திரமும் கொட்டகையிலேயே இருக்கும். ஹீட்டரின் சிறு சுடர் சிலவற்றில் இரவும் பகலும் அணையாமல் எரியும். பெட்ரோல் டப்பாவும் பெயிண்ட் தின்னரும் அதே சுவரை ஒட்டி இருக்கும். கோடையில் வெப்பமும் குளிர்காலத்தில் உறைநிலையும் மாறி மாறி வரும். தோட்டாவில் இடும் இந்தப் புகையில்லா மருந்து வெப்பத்தில் மெல்ல மெல்லச் சிதையக்கூடியது. கெட்டுப்போன மருந்தில் புளித்த அமில நெடியும், செந்நிறத் தூசியும் தெரியும். ஆகவே வீட்டுக்குள், தீ இல்லாத, குளுமையான, ஈரமற்ற, முக்கியமாகப் பூட்டக்கூடிய ஒரு சிறிய அறை கிடைத்தால் அதுவே நல்லது. தரையில் கார்ப்பெட் கூடாது; அதற்கான காரணத்தைக் குழந்தையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். மேசை கனமாக இருக்க வேண்டும், சுவரின் மரச் சட்டத்தோடு அதைப் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். அழுத்தும் கருவியின் கைப்பிடியை இறக்கும் ஒவ்வொரு முறையும் மேசை ஆடினால், அளந்து வைத்த மருந்தும் கூட்டிலிருந்து சிந்தும்.

பூட்டு என்று நான் சொல்வது குழந்தைக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும்தான். ஏனென்றால் இந்த வேலையில் கேடு வருவது பெரும்பாலும் மருந்தால் அல்ல, இடையில் வரும் ஒரு குரலால். நான் இரவு ஒன்பதரை மணிக்குமேல் மேசையில் உட்காருவேன். அப்போது ஊரில் காலை நேரம், அம்மா தொலைபேசியில் அழைக்கும் நேரமும் அதுதான். ஒருநாள் ‘.38 ஸ்பெஷல்’ என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடுகளுக்கு மருந்து இட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த செய்தி. இருபது நிமிடம் பேசினேன். திரும்பி வந்து, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். அந்தக் கூடு நீளமானது, அதில் இடும் மருந்தோ கொஞ்சம். இரண்டு முறை இட்டாலும் வழியாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. குண்டு பொருத்துவதற்குமுன் ஐம்பது கூடுகளையும் மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, மேலே விளக்கைத் தாழ்த்திப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பார்க்கும் பழக்கம் இருந்ததால், ஒரு கூட்டில் மட்டும் மருந்து உயரமாக நிற்பதைக் கண்டேன். கண்டிருக்காவிட்டால், அந்த ஒரு தோட்டா என் கையிலேயே துப்பாக்கியைப் பிளந்திருக்கும். அன்று ஐம்பது கூட்டையும் கவிழ்த்து, மருந்தைத் திரும்ப அதன் டப்பாவிலேயே கொட்டிவிட்டு எழுந்துவிட்டேன். அதன்பின் தொலைபேசி அந்த அறைக்குள் நுழையவில்லை, அறைக்கதவும் உள்ளே தாழிடாமல் இருந்ததில்லை. அம்மாவிடம் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். காரணம் மட்டும் சொல்லவில்லை.

ஆகவே அண்ணனுக்கு நான் சொல்லக்கூடிய முதன்மையான சொல் இதுதான்: யாரும் கூப்பிட முடியாத இடமாகவும், ஒரு நேரத்தில் ஒரே மருந்து மட்டும் இருக்கும் மேசையாகவும் அது அமையட்டும். மற்றவை எல்லாம் இதன் கிளைகள். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை மட்டும் எடுத்து வர வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும், அளக்கும் கருவியின் கூம்பில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி, மூடி, அலமாரிக்குத் திருப்பிவிட வேண்டும். கூம்பில் இரவு தங்கிய மருந்து காலையில் பெயரற்ற மருந்தாகிவிடும். வேகமாக எரியும் மருந்தும் மெதுவாக எரியும் மருந்தும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே கருஞ்சாம்பல் குருணையாகவே தெரியும். பெயரற்றதை யாரும் கூட்டில் இடக் கூடாது. மருந்தை இடாமலே குண்டு பொருத்திவிடும் தவறும் உண்டு. பிரைமரின் (கூட்டின் அடியில் பொருத்தும், அடித்தால் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) விசை குண்டைக் குழலின் பாதி வரை தள்ளிவிட்டு நின்றுவிடும், அதன்பின் சுடும் அடுத்த தோட்டா குழலைக் கிழிக்கும். அதனால்தான் அந்த விளக்கும் பலகையும், இருபது டாலர்கூட ஆகாத அந்த இரண்டும், நூற்றுக்கணக்கான டாலர் கருவிகளைவிட முக்கியமானவை என்கிறேன்.

தராசைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நம் பொற்கொல்லர் வழக்கில் சொன்னால், ஒரு குன்றிமணியின் பாதிக்குச் சற்றே கூடுதலான எடை ஒரு கிரெயின். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்தாக வேண்டும். இப்படிப்பட்ட எடையை மின்விசிறிக் காற்றும், ஏசித் துவாரத்திலிருந்து இறங்கும் காற்றும் மாற்றிவிடும். நகைக்கடையில் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பது எதற்காகவோ அதற்காகவே இங்கும் காற்றுப்படாத மூலை வேண்டும். ஒவ்வொரு நாளும் தொடங்குவதற்குமுன் எடை தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். எவ்வளவு மருந்து என்பதை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், அதிலும் தொடக்க அளவிலிருந்து. நண்பர் சொன்ன அளவு, இணையத்தில் யாரோ எழுதிய அளவு வேண்டாம். நானும் இங்கே எந்த அளவும் எழுதமாட்டேன்.

சேமிப்பில் பலர் தலைகீழாகச் சிந்திக்கிறார்கள். மருந்தை இரும்புப் பெட்டகத்தில் பூட்டினால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் புகையில்லா மருந்து திறந்த இடத்தில் வெறுமனே எரியும், இறுக மூடிய கனத்த இரும்புக்குள் எரிந்தாலோ அழுத்தம் ஏறி அந்தப் பெட்டகமே வெடிகுண்டாகிவிடும். விற்கும் டப்பாக்களே குறைந்த அழுத்தத்தில் பிளந்து விடும்படிதான் செய்யப்படுகின்றன. எனவே மருந்து அதன் மூல டப்பாவிலேயே, மர அலமாரியில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் எண் விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டு வரை, அதாவது சுமார் 9 கிலோ வரை மூல டப்பாக்களில் வைக்கலாம் என்கிறது. அதற்குமேல் 50 பவுண்டு வரை, குறைந்தது ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டியில் வைக்க வேண்டும். பிரைமர் 10,000-க்கு மேல் கூடாது. வாடகை வீடானால் ஊராட்சி விதியும் வீட்டுக்காரரின் ஒப்பந்தமும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். என்னைக் கேட்டால், இரண்டு டப்பாவுக்குமேல் ஒரு குடும்பம் வாழும் வீட்டில் எதற்கு?

பிரைமரை மருந்தோடு சேர்த்து வைக்கக் கூடாது. மருந்து எரியும் பொருள். பிரைமர் அடித்தால் வெடிக்கும் பொருள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் நிறுத்திய தட்டில் அது விற்கப்படுவதற்குக் காரணம், ஒன்று வெடித்தால் மற்றது வெடிக்கக் கூடாது என்பதே. அவற்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்திருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்; நல்ல மனிதர், இருபது ஆண்டு அனுபவம் வேறு. அன்றே அந்த வீட்டிலிருந்து என் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கொல்லம் மாவட்டத்துப் புற்றிங்கல் கோயில் வாணவேடிக்கையில் 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. வெடிக்கும் இடத்தின் பொறி, சேர்த்து வைத்திருந்த இடத்தில் விழுந்தது. பொருள் வேறு, அளவும் வேறு, ஆயினும் வேலை செய்யும் மேசைக்கும் சேமிக்கும் அலமாரிக்கும் இடையில் தூரம் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

இப்போது குழந்தை. பெற்றோர் பயப்படுவது வெடியை. நான் அதைவிடப் பயப்படுவது ஈயத்தை. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது; சுட்ட கூட்டின் உள்ளே அது கண்ணுக்குத் தெரியாத தூசியாக ஒட்டியிருக்கும். கூடுகளை உலர்ந்த குருணையோடு சுழற்றிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைத் திறக்கும்போது அந்தத் தூசி எழும்பும், சட்டையில் ஒட்டும், கைவழியாகக் கதவுப் பிடிக்கும் சோற்றுத் தட்டுக்கும் போகும். ஈயத்தில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற அளவே கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். கார்ப்பெட் கூடாது என்றது இதற்காகவே. அதில் இறங்கிய தூசி எந்த முயற்சிக்கும் முழுதாக வெளியேறாது, தவழும் குழந்தையும் விளையாடும் குழந்தையும் அதன்மேல்தான் கை வைக்கும். கூடுகளைத் தண்ணீரிலிட்டுக் கழுவும் முறை தூசியைப் பெருமளவு குறைக்கும். அந்தக் கழிவுநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அந்த அறைக்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு, உள்ளே தேநீரும் இல்லை தின்பண்டமும் இல்லை, முடிந்தவுடன் சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவுதல், ஈரத்துணியால் மேசையைத் துடைத்தல். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பிடியை இழுக்கச் சொல்லிப் படம் எடுப்பவர்கள் உண்டு. அண்ணனிடம் உரிமையோடு சொல்லுங்கள், அது மட்டும் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை குழந்தைக்கும் அவருக்கும் இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்ளட்டும்; மருத்துவரிடம் காரணத்தையும் மறைக்காமல் சொல்லட்டும்.

மருந்து சிந்தினால் வாக்குவம் கிளீனர் போடக் கூடாது, அதன் மோட்டார்ப் பொறி போதும். தூரிகையாலும் முறத்தாலும் கூட்டி எடுக்க வேண்டும். ஒஹாயோவின் குளிர்காலத்தில் காற்று மிக வறண்டுபோய், கதவுக் குமிழைத் தொட்டாலே நிலைமின்சாரம் சுள்ளென்று அடிக்கும்; அந்த மாதங்களில் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்தியில் உட்காருவது நல்லது. தீயணைப்பான் கதவருகே இருக்க வேண்டும், ஆனால் அது சுற்றியுள்ள மரத்துக்கும் துணிக்கும்தான். மருந்து தன் எரிவுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருப்பதால், அதை மூச்சடைக்கச் செய்து அணைக்க முடியாது. மருந்து பற்றிவிட்டால் அணைக்க நிற்காமல் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். கண்ணாடி அணியாமல் பிரைமரைத் தொடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கு அமைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது துப்பாக்கிக்கும் கடைத் தோட்டாவுக்குமான அலமாரி. துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் இரும்பு அலமாரியிலும், தோட்டாவை வேறு பூட்டிலும் வையுங்கள். இரண்டு சாவியும் ஒரே கொத்தில் தொங்க வேண்டாம். பன்றியைச் சுடும் அனுமதி 2022 முதல் கேரளத்தில் ஊராட்சித் தலைவர் வழியாகவே கிடைக்கிறது. அந்தத் தாள் கையில் இல்லாமல் இரவில் தோட்டத்துக்குத் துப்பாக்கியை எடுத்துச் செல்லாதீர்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்குவதற்குமுன் தோட்டாக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடிப்பாகத்துப் பித்தளையில் பச்சை பூத்தது, கூடு உப்பியது, வாய் மடிப்புத் திறந்தது எதையும் வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்காமல் தனியே எடுத்து வைத்து, வாங்கிய உரிமக் கடையில் கேளுங்கள்.