மே மாசத்துல வாட்ச் பொய் சொல்லும்: ஓட்டக்காரர் கேள்வி பதில்

விளையாட்டு உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போ காலையில பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஓடுதவங்களோட சேர்ந்து நானும் மெதுவா ஓடிட்டு இருக்கேன். கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொன்னது என் தப்பு, குவிஞ்சுட்டு. எந்த ஷூ வாங்க, முட்டிக்கு எந்தத் தைலம் தேய்க்க, இதெல்லாம் என் சோலி இல்ல. மத்ததைப் பாப்போம்.

கே.டி.சி. நகர் தம்பி: சார், பிப்ரவரியில என் வாட்ச் விஓ2 மேக்ஸ் 47-ன்னு காட்டுச்சு. மே மாசம் 43. ஓட்டத்தைக் குறைக்கவே இல்ல. உடம்புல ஏதும் கோளாறா?

உடம்புல இல்ல தம்பி, கணக்குல. ஒரு நிமிஷத்துல, ஒரு கிலோ எடைக்கு, உடம்பு அதிகபட்சம் எத்தனை மில்லி ஆக்ஸிஜனைச் செலவழிக்க முடியும்ங்கிறதுதான் விஓ2 மேக்ஸ். 1920-கள்ல இங்கிலாந்துல ஆர்ச்சிபால்ட் ஹில்ங்கிற உடலியங்கியல் விஞ்ஞானி முதுகுல ஒரு பையைக் கட்டிக்கிட்டு, விட்ட மூச்சையெல்லாம் அதுல பிடிச்சு, புல்தரையில தானே ஓடி அளந்தாரு. இன்னைக்கும் முகமூடி மாட்டி மூச்சை அளந்தாத்தான் அது நிஜ எண். உங்க மணிக்கட்டுல கிடக்கது மூச்சைப் பாக்கவே இல்ல. வேகத்தையும் இதயத் துடிப்பையும் வச்சு ஊகிக்குது.

இப்போ மே மாசத்துக்கு வாங்க. வெக்கையில ரத்தம் காலுக்கும் போகணும், சூட்டை வெளியேத்தத் தோலுக்கும் போகணும். வேர்வையில ரத்தத்தோட நீர்ப்பகுதி குறையும். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுத ரத்தம் கம்மியாகும். அதை ஈடுகட்ட துடிப்பு ஏறும். அதே ரோடு, அதே வேகம்: காலைல 5 மணிக்கு எனக்கு 138, எட்டு மணிக்கு 152. வாட்ச்சுக்கு வெயில் தெரியுமா? ‘ஆளு தளர்ந்துட்டான்’னு எழுதிக்கிடும். சில மாடல் வெப்பத்தையும் கணக்குல சேர்க்கும், எல்லாம் சேர்க்காது. ஐப்பசி மழைக்குப் பொறவு பாருங்க, 47 தானா திரும்ப வரும்.

இன்னொண்ணு. அந்த எண் கூரை மட்டும்தான். கூரைக்குப் பக்கத்துல எவ்வளவு நேரம் நிக்க முடியும், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகுது, இது ரெண்டும் சேர்ந்தாத்தான் மராத்தான். அமெரிக்க டாக்டர் மைக்கேல் ஜாய்னர் 1991-ல இந்த மூணையும் பெருக்கி, மனுஷனால 1:57:58-ல ஓட முடியும்னு எழுதினாரு. அப்போ உலக சாதனை 2:06:50. மராத்தானை ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்குத முயற்சிக்காக எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழு 16 உலகத்தர ஓட்டக்காரங்களை அளந்தப்போ, விஓ2 மேக்ஸ் சராசரி 71 தான் வந்துது. 80, 85-ன்னு எதிர்பார்த்தவங்க ஏமாந்தாங்க. அவங்க வித்தியாசம் ஆக்ஸிஜன் சிக்கனத்துல இருக்கு. இங்கிலாந்து மராத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபை அதே ஜோன்ஸ் வருஷக்கணக்கா அளந்தாரு. விஓ2 மேக்ஸ் 70-ஐ ஒட்டியே நின்னுச்சு. குறிப்பிட்ட வேகத்துக்கு ஆகுத ஆக்ஸிஜன் செலவு மட்டும் 15 சதவீதம் குறைஞ்சுது. 2003 லண்டன் மராத்தானை 2:15:25-ல முடிச்சாங்க.

தச்சநல்லூர் வாசகர்: வாட்ச்சுல விஓ2 மேக்ஸ் எனக்கு 38, என் மச்சினனுக்கு 44. அவன் என்னைவிட மெதுவாத்தான் ஓடுதான். எப்பிடி?

மேல உள்ள பதில்தான். மச்சினனோட வாட்ச் வேற கம்பெனியா இருக்கும். அவர்கூட ஓடிப் பாருங்க, அதுதான் அளவு.

வள்ளியூர் ஆசிரியை: வெளிநாட்டுப் பயிற்சி அட்டவணை ஒண்ணைப் பின்பத்துதேன். அதுல போட்ட வேகத்துல காலை ஏழரை மணிக்கு மேல ஓடவே முடியல. நான் பலவீனமா இருக்கேனா?

இல்லம்மா. அந்த அட்டவணை பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ல ஓடுதவங்களுக்கு எழுதினது. வெப்பம் ஏற ஏற மராத்தான் நேரம் கூடும்னு ஆராய்ச்சியில திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு. அதுலயும் மெதுவா ஓடுதவங்களுக்குத்தான் அடி அதிகம், ஏன்னா வெயில்ல நிக்குத நேரம் கூட. வெக்கை நாள்ல வேகத்தைத் தூரப் போட்டுட்டு மூச்சைப் பாருங்க. பக்கத்துல ஓடுதவங்ககிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியுதா? அது போதும்.

உடம்பு வெயிலுக்குப் பழக 10-லிருந்து 14 நாள் ஆகும். ரத்தத்தோட நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரமே அரும்பும், அதுல உப்பு குறையும். நம்ம ஊரு வெக்கை காஞ்ச வெக்கை, வேர்வை பறந்துரும், உடம்பு ஆறும். திருச்செந்தூர் கடற்கரைப் பக்கம் அதே வெப்பத்துல ஓடினா வேர்வை உடம்புலயே வழியும், ஆறாது. வழியுத வேர்வை வேஸ்ட், ஆவியாகுத வேர்வைதான் வேலை செய்யும்.

கூட ஓடுத யாராவது பேச்சு குழறி, தடுமாறினா குளுந்த தண்ணில முக்குங்க, இல்ல ஈரத்துணியும் ஐஸும் வச்சு ஆத்துங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்னு சும்மா காத்திருக்காதீங்க. முதல்ல சூட்டை இறக்கணும், ஆஸ்பத்திரி அடுத்து.

மேலப்பாளையம் பாய்: 30 கிலோமீட்டர் ஓடும்போது முட்டி வலிக்கு முன்கூட்டியே ரெண்டு வலி மாத்திரை போட்டுக்கிடுதேன். சரிதானே?

சரியில்ல. ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போகுத ரத்தம் ஏற்கெனவே குறைச்சல். இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை அதை இன்னும் சுருக்கும். தண்ணியும் வத்திக் கிடக்கும் உடம்புல இது வேண்டாத விளையாட்டு. வலி இருந்தா டாக்டர், மாத்திரை போட்டு ஓட்டம் இல்ல.

சங்கரன்கோவில் தம்பி: அரை மணிக்கு ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிருதேன். தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடிக்கணும்னு சொல்லுதாங்களே?

யார் சொன்னா? 2002 பாஸ்டன் மராத்தான்ல 488 பேர் ரத்தத்தைப் பரிசோதிச்சாங்க. 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சு கிடந்துது. ஓட்டம் முடியும்போது எடை கூடியிருந்தவங்கதான் அதுல பெரும்பாலும் மாட்டினாங்க. மூளை வீங்கி உயிரே போகுத நோய் அது. ஓட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வேர்வை. எடை கூடினா நீங்க குடிச்சது ரொம்ப அதிகம்.

பெருமாள்புரம் தம்பி: ஓடும்போது விழுங்குத சர்க்கரை ஜெல் ஒரு பாக்கெட் ரூபாய் நூறுக்கு மேல. வேற வழி?

உடன்குடி அண்ணாச்சி: நான் சொல்லுதேன் சார், கருப்பட்டி! எங்க தாத்தா பனை ஏறினவரு. காலையும் சாயங்காலமும் நாப்பது நாப்பது மரம். ஜெல்லா நக்கினாரு?

ரெண்டு பேரும் சேர்ந்து வந்தது நல்லதாப் போச்சு, இதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம்.

முதல்ல தாத்தா கணக்கு. ஆள் 60 கிலோ, மரம் 15 மீட்டர்னு வைங்க. நாப்பது மரம் ஏறினா சுமார் 350 கிலோஜூல் வேலை. தசை செலவழிக்கிறதுல இருபது, இருபத்தஞ்சு சதவீதம்தான் வேலையாகும், மிச்சம் சூடு. அப்போ ஒரு வேளைக்கு 340-லிருந்து 420 கலோரி, ரெண்டு வேளைக்கு 700, 850. ஓட்டத்துல சொன்னா அதே எடை ஆளுக்கு 12, 14 கிலோமீட்டர். இறங்குறதைச் சேர்க்கல. ஏறி, கலயத்தைப் பார்த்து, இறங்கி, நடந்து, அடுத்த மரம்: நாம ‘இன்டர்வெல் பயிற்சி’னு பேர் வச்சு காசு கொடுத்துப் படிக்கிறது இதைத்தான்.

இப்போ கருப்பட்டி. அதுல பெரும்பகுதி சுக்ரோஸ். குடல்ல அது குளுக்கோஸ் பாதி, ஃபிரக்டோஸ் பாதின்னு உடையும். குளுக்கோஸுக்கு ஒரு வாசல், ஃபிரக்டோஸுக்கு வேற வாசல். வெறும் குளுக்கோஸ்னா மணிக்கு 60 கிராமுக்கு மேல குடல் வாங்காது; ரெண்டும் கலந்தா 90 வரை போகலாம். ஆக அண்ணாச்சி சொல்லுத சரக்கு ஆராய்ச்சிக்கு ஒத்துப்போகுது. அரை லிட்டர் தண்ணிக்கு 40 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சம்பழம். நம்ம பானகம்தான், சுக்கை மட்டும் விட்டுருங்க.

பெருமாள்புரம் தம்பி: ஆனா சார், இப்போ கருப்பட்டியில பாதி சீனி கலந்துதானே வருது?

ஓடுத அந்த ரெண்டு மணி நேரத்துக்கு அதனால ஒண்ணும் குறையாது. சீனியும் சுக்ரோஸ்தான்.

உடன்குடி அண்ணாச்சி: என்ன சார் இப்பிடிச் சொல்லிட்டீங்க! கருப்பட்டியில இரும்பு இருக்கு, சுண்ணாம்பு இருக்கு. சீனியும் இதுவும் ஒண்ணா?

கோவப்படாதீங்க அண்ணாச்சி. காபிக்குக் கருப்பட்டிதான், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா இன்னைக்கு விழுங்குத இரும்பு இன்னைக்கே காலைத் தள்ளாது. ஓட்டத்துல கருப்பட்டிகிட்ட தசை கேக்குறது சர்க்கரை ஒண்ணைத்தான். கலப்படம் பண்ணுதவன் உங்களை ஏமாத்துதான், உங்க தசையை ஏமாத்த முடியல.

உடன்குடி அண்ணாச்சி: தசைக்கு ருசி தெரியாது. எனக்குத் தெரியும்.

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அம்பாசமுத்திரம் வாசகர்: ஓடின மறுநாள் தொடை வலிக்குது. லாக்டிக் அமிலம் தேங்கிட்டா?

இல்ல. நீங்க சொல்லுத அந்தச் சரக்கு, லாக்டேட், ஒரு மணி நேரத்துல கரைஞ்சிரும். அது கழிவே இல்ல, எரிபொருள்னு 1980-கள்லயே அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ப்ரூக்ஸ் காட்டியாச்சு. மறுநாள் வலி தசை இழைகள்ல ஏற்பட்ட நுண்ணிய சேதம், இறக்கத்துல ஓடினா அதிகம். மாத்திரை வேண்டாம், முன்னாடியே சொன்னேன்.

கல்லிடைக்குறிச்சி தம்பி: மாஞ்சோலை மலையில பத்து நாள் தங்கி ஓடினா கென்யாக்காரங்க மாதிரி ரத்தம் கூடுமா?

கூடாது. அதுக்கு 2000, 2500 மீட்டர் உயரம் வேணும், மூணு நாலு வாரம் வேணும். மாஞ்சோலை அதுல பாதிதான். குளிர்ச்சி கிடைக்கும், அட்டையும் கிடைக்கும்.

பேட்டை வாசகர்: என் வயசு 52. 220-ல கழிச்சா அதிகபட்ச இதயத் துடிப்பு 168. ஆனா ஓடும்போது 179 வரை போகுது. ஆபத்தா?

அந்தச் சூத்திரம் சராசரி. பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக்குறைய இருக்கிறது சாதாரணம். நெஞ்சு வலி, மயக்கம், இருந்தாப்புல படபடப்பு இருந்தா மட்டும் இன்னைக்கே இதய டாக்டர்.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: ஆறு மாசமா வேகம் குறையுது, படி ஏறினாலே மூச்சு வாங்குது. ஹீமோகுளோபின் சரியாத்தான் இருக்கு.

ஃபெர்ரிட்டின் பாத்தாங்களா? அது இரும்பு இருப்பு. ஹீமோகுளோபின் இறங்குறதுக்கு முன்னாடியே அது காலியாகும். மாதவிடாயில போகும், குடல்லயும் வேர்வையிலயும் கொஞ்சம் போகும். கூடவே இன்னொரு கேள்வி, டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க: மாதவிடாய் தள்ளிப்போகுதா, நின்னுட்டா? ஓடுத அளவுக்குச் சாப்பிடலைன்னா உடம்பு முதல்ல மூடுத கடை அதுதான், அடுத்தது எலும்பு. எடை குறைஞ்சா வேகம் வரும்னு யாராவது பயிற்சியாளர் சொன்னா, அவரை மாத்துங்க. இரும்பு மாத்திரையைப் பரிசோதனை இல்லாம நீங்களா போடாதீங்கம்மா.

வண்ணார்பேட்டை வாசகர்: சார், என் வாட்ச்சுல விஓ2 மேக்ஸ்…

மேல. முதல் பதில்.

ஸ்ரீவைகுண்டம் வாசகர்: திருச்செந்தூர் பாதயாத்திரைக்கு முன்னாடி வலி மாத்திரை…

அய்யா, மூணாவது தடவை. வேண்டாம். கால்ல கொப்புளம் வராம இருக்க ஈரமான காலுறையை மாத்துங்க, முருகன் மிச்சத்தைப் பாத்துக்கிடுவான்.

உடன்குடி அண்ணாச்சி: சார், ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு ரெண்டு கிலோ கொண்டு வாரேன். சீனி கலக்காதது. குடிச்சுட்டுச் சொல்லுங்க.

கொண்டாங்க. வடிகட்ட நான் வேட்டித்துணி கொண்டு வாரேன். போன தடவை யாரோ கொண்டு வந்ததுல பாட்டில் அடியில விரல்கனம் மண்ணு நின்னுச்சு.