வெளிச்சம் உடல் கடிகாரத்தை எப்படி மாற்றுகிறது என்ற ஆய்வுக் கட்டுரையில், பயன்படுத்திய வெளிச்சத்தை '500 லக்ஸ்' என்று மட்டும் எழுதினால் போதாதா?

போதாது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் என்பது 555 நானோமீட்டர் அலைநீளப் பச்சையை நன்றாக உணரும் பகல் பார்வைக்கான கணக்கு. உடல் கடிகாரத்தை மாற்றுவதும் தூக்க ஹார்மோனான மெலடோனினைக் குறைப்பதும் பெரும்பாலும் விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி கொண்ட செல்கள். அவற்றுக்கு 480 நானோமீட்டரை ஒட்டிய நீலம்தான் பிடிக்கும். குண்டு பல்பும் குளிர்வெள்ளை எல்இடியும் ஒரே 500 லக்ஸ் காட்டலாம். இந்தச் செல்களை எல்இடியே அதிகம் தூண்டும். இதற்காகத்தான் 2018-இல் சர்வதேச ஒளியியல் ஆணையமான சிஐஇ-யின் எஸ் 026 தரநிலை, இந்தச் செல்களின் உணர்திறனை வைத்து வெளிச்சத்தை அளக்கும் மெலனாப்பிக் அளவுகளை வரையறுத்தது. அலைநீளவாரி அளவீட்டையும் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் கணக்கைச் சரிபார்க்கலாம்.

அப்புறம், எங்கே அளந்தார்கள்? மேசைமேல் கருவியைப் படுக்கவைத்து எடுத்த எண்ணால் பயன் குறைவு. உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், அவர் பார்க்கும் திசையில் நிமிர்த்தி அளக்க வேண்டும்.

வெளிச்சம் பட்ட நேரம், கால அளவு, அதற்கு முன் இருந்த வெளிச்சம், வயது (முதுமையில் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கும்) ஆகியவையும் வேண்டும். ஆய்வகச் சோதனைகளுக்கு எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும், 2023-இல் வந்த என்லைட் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. எழுதும்போது அல்ல, சோதனையைத் திட்டமிடும்போதே அதைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.