மாரா கடனே தீரவில்லை, அதற்குள் ஓகவாங்கோவா?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இரண்டு வருடம் முன்பு 6 லட்சம் பர்சனல் லோன் (13.5%, 5 வருடம்) எடுத்து கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய்வந்தோம். மாதம் 13,800 ரூபாய் தவணை ஓடுகிறது. அடுத்த ஆகஸ்டில் போட்ஸ்வானாவின் ஓகவாங்கோ டெல்டா போக ஆசை. ஐந்து இரவு, விமான டிக்கெட் சேர்த்து இருவருக்கும் 10 லட்சம் என்கிறார் ஏஜென்ட். பழைய கடனையும் சேர்த்து 14 சதவீதத்தில், மறுபடி 5 வருடத்துக்கு டாப்-அப் தர வங்கி ஒப்புக்கொண்டுவிட்டது. மனைவியின் தம்பி தம்பதியும் வருகிறார்கள். அவர்களுடைய அட்வான்ஸையும் என் கார்டில் போடச் சொல்கிறார், சீட்டுப் பணம் எடுத்ததும் தருவாராம். கையிருப்பு 2 லட்சம். ஏனோ மனம் உறுத்துகிறது.
- வாசகர், கோவை

பதில்: உறுத்துவது நியாயம்தான். ஆனால் கெடுதல் ஓகவாங்கோவில் இல்லை, டாப்-அப்பில் இருக்கிறது.

மாரா கடனுக்கு இதுவரை சுமார் 3.3 லட்சம் கட்டியிருப்பீர்கள். அதில் அசலில் கழிந்தது 1.9 லட்சம்தான், பாக்கி 4.07 லட்சம் நிற்கிறது. இன்னும் மூன்று வருடத்தில் முடியவேண்டிய இந்தப் பாக்கியை டாப்-அப் மறுபடி ஐந்து வருடத்துக்கு இழுக்கிறது. அந்தப் பாக்கிக்கு மட்டும் இனி 5.7 லட்சம் கட்டுவீர்கள். ஆக, 6 லட்சத்தில் போன மாரா 9 லட்சத்தில் வந்து நிற்கும். புதுத் தவணையோ 32,700. 2 வருடம் கழித்து நமீபியா ஆசை வந்தால் இன்னொரு டாப்-அப் போடுவீர்கள், அசல் குறையவே குறையாது.

அடுத்து அந்த 10 லட்சம். அங்கோலா மலைகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழைநீர் மெதுவாக இறங்கி, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத ஜூன்-ஆகஸ்டில்தான் டெல்டாவை நிரப்புகிறது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நேரத்தில் வருவதால் விலங்குகள் தண்ணீரைத் தேடி வந்து சேர்கின்றன, கூடவே விலையும் ஏறுகிறது. கேம்ப்களில் படுக்கைகள் கொஞ்சம், சாப்பாட்டுச் சாமான் முதல் விருந்தாளி வரை பலவும் சின்ன விமானத்தில்தான் போய்ச் சேரவேண்டும். ஆளுக்கு ஓர் இரவு 900 டாலர் என்றால், ஐந்து இரவுக்கு இருவருக்கும் 9,000 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 8.1 லட்சம் ஆயிற்று. ஆகஸ்ட் மாதத்துக்கு இது கொள்ளை விலை அல்ல. உங்கள் சம்பளத்துக்குத்தான் ஒத்துவராது.

ஏஜென்டிடம் ஒன்று கேளுங்கள்: ஐந்து இரவும் தண்ணீர் கேம்பா? வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது சில கேம்ப்களில் ஜீப் ஓட்டத் தரையே மிஞ்சாது, படகும், மொகோரோ என்ற ஒடுங்கிய தோணியும்தான். மொகோரோவில் இருவர் தாழ உட்கார, பின்னால் நின்று ஒருவர் நீண்ட கழியால் தள்ளுவார். அல்லிகளும் பறவைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், சிங்கம் பார்ப்பது அரிது. சிங்கத்துக்காகப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

என் யோசனை மே மாதம். வடக்கு டெல்டாவில் அதற்குள் தண்ணீர் வந்திருக்கும், உச்ச விலை ஜூன்-ஜூலையில்தான் தொடங்கும். புல் உயரமாக இருப்பதால் விலங்குகளைத் தேடிப் பிடிக்கவேண்டும், அது உண்மை. டெல்டாவின் நுழைவாயிலான மவுன் நகரிலிருந்து தரைவழியே மோரெமி, க்வாய் வனவிலங்குப் பகுதிகளுக்குக் கூட்டிப்போகும் கூடார சஃபாரி ஆளுக்கு ஓர் இரவு 300-400 டாலரில் கிடைக்கும். ஐந்து இரவுக்கு 3.15 லட்சம், டிக்கெட் 1.8 லட்சம், மவுனில் இரண்டு இரவு, உள்ளூர்ச் சமூக அமைப்பு நடத்தும் ஒருநாள் மொகோரோ, விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து 75,000. 6 லட்சத்துக்குள் அடங்கும். செலவு குறையும் என்று நீங்களே வண்டி எடுத்து ஓட்டக் கிளம்பாதீர்கள். மணலில் புதையும், ஓடையைக் கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகும். தண்ணீரால் வரும் சேதத்தை வாடகை வண்டிக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை.

டாப்-அப் எடுத்தால் மாதம் 18,900 கூடுதலாகக் கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அதையே ஆர்.டி.யில் போடுங்கள். 18 மாதத்தில் வட்டியோடு 3.5 லட்சம், கையிருப்போடு 5.5 லட்சம். மீதி அடுத்த இரண்டு மாதச் சேமிப்பில் வந்துவிடும். இன்றிலிருந்து 20வது மாதம், அதாவது அடுத்த வருடம் விட்டு அதற்கடுத்த மே, நீங்கள் கிளம்பலாம். பாக்கித் தொகையைப் பயணத்துக்கு 60-90 நாள் முன்பு கேட்பார்கள், 60 நாள் என்று பேசிவைத்தால் அதற்குள் பணம் கைக்கு வந்துவிடும். மாரா தவணையும் அதன்பாட்டில் ஓடி, நீங்கள் திரும்பிவந்து ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். ‘டிராவல் எஸ்.ஐ.பி.’ என்று சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டை யாராவது நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். 20 மாதப் பணத்துக்கு அது இடமில்லை. ‘இப்போது போ, பிறகு கட்டு’ திட்டங்களும் டாப்-அப்பின் தம்பிதான்.

மைத்துனர் விஷயம். கூடார சஃபாரியின் விலை ஆள் எண்ணிக்கையை வைத்துப் போடப்படுவது. நால்வர் இருவரானால் உங்கள் தலைக்கு விலை ஏறும். கடைசி 30 நாளில் ரத்து செய்தால் பெரும்பாலும் முழுப் பணமும் போகும். அவர் பங்கை அவரே நேராக ஏஜென்டுக்குக் கட்டட்டும். கட்டாதவரை உங்கள் இருவருக்கு மட்டும் விலை கேட்டு முன்பதிவு செய்யுங்கள். இதை மனைவியிடம் முதலில் பேசிவிட்டு அவரிடம் சொல்லுங்கள்.

டாப்-அப் பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை என்றால், வேண்டாம் என்று இந்த வாரமே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். பிராசஸிங் கட்டணம் பிடித்தாலும் பரவாயில்லை. ஏறிவிட்டிருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு என்ன கட்டணம் என்று கேட்டு, 10 லட்சத்தையும் அசலில் திருப்பிக் கட்டிவிட்டு, தவணைக் காலத்தை மூன்று வருடமாகக் குறைக்கச் சொல்லுங்கள்.