மலைக்கு ஒரு நாய், சதுப்புக்கு ஒரு நாய்

கேள்வி: வட கரோலினாவின் மேற்கே, அப்பலாச்சியன் மலைப்பக்கம் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரோடு ராத்திரியில் ரக்கூன் (மரம் ஏறும் சிறு காட்டு விலங்கு) வேட்டைக்குப் போய்ப் பழக்கமாகிவிட்டது, இப்போது அதைத் துரத்தி மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைக்கிற கூன்ஹவுண்ட் நாய் ஒன்றைச் சொந்தமாக வாங்க ஆசை. போட்டிகளில் ட்ரீயிங் வாக்கர் இனம்தான் ஜெயிக்கிறது, அதையே வாங்கு என்கிறார் ஒருவர். ப்ளூடிக் இனத்தை வாங்கு என்கிறார் இன்னொருவர். எது சரி சார்?

பதில்: போட்டியில் ஜெயிப்பது வேறு, உங்கள் மலையில் வேலைக்கு ஆவது வேறு. இரவுப் போட்டியில் எல்லாமே நேரக் கணக்கு. முதலில் தடம் பிடித்துக் குரல் கொடுக்கிற நாய்க்கும், ரக்கூன் ஏறிய மரத்தை முதலில் காட்டுகிற நாய்க்கும்தான் அதிகப் புள்ளி. அதனால் புதுத் தடமாகப் பார்த்து எடுத்து, பறந்துபோய் மரத்தடியில் நிற்கிற நாயாகவே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள், வாக்கரில் பெரும்பாலானவை அந்த ரகம். அயோவா, இல்லினாய் பக்கம் சோளக்காட்டை ஒட்டிய ஓடைக்கரைகளில் இது பிரமாதமாக எடுபடும், ஏனென்றால் அங்கே ரக்கூன் நிறைய, ஒரு தடத்தை விட்டாலும் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று கிடைக்கும். அதே இடத்தில் ஆறிப்போன தடத்தையும் விடாமல் மோந்துகொண்டே போகிற நாயை அவிழ்த்துவிட்டால், இருட்டும் நேரத்தில் நடந்துபோன ரக்கூனை நள்ளிரவு வரை தேடிக்கொண்டிருக்கும், நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

உயரமான மலைக்காட்டில் கதை தலைகீழ். ரக்கூன் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும், சில ராத்திரி கிடைப்பதே ஒரே ஒரு பழைய தடம். அதை எடுக்கத் தெரியாத நாய் திரும்பி வந்து உங்கள் காலடியில் படுத்துக்கொள்ளும். ப்ளூடிக், பிளாக் அண்ட் டேன் இரண்டு இனத்துக்கும் ஆறிய தடத்தை எடுக்கிற மூக்கு என்று பெயர் உண்டு. வேகம் கம்மி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்புறம் குரல். ஜிபிஎஸ் காலர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் நாய் முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அப்போது காதுதான் துணை. தடத்தில் ஓடும்போது 'ஓ...' என்று நீட்டி இழுத்து, மரத்தடிக்கு வந்ததும் துண்டு துண்டாக, இடைவிடாமல் குரைக்கிற நாயாகப் பாருங்கள். அந்த மாற்றம் தெளிவாகக் கேட்டால், இந்த முகட்டில் நின்றபடியே ரக்கூன் மரம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சுற்றிலும் சாலையும் அடுத்தவர் நிலமுமாக இருந்தால் மட்டும், ரொம்ப தூரம் போய்த் தேடுகிற நாய் வேண்டாம்.

இனம் பாதிதான் சொல்லும். குட்டியின் தாயும் தகப்பனும் எந்த மாதிரி நிலத்தில் வேட்டையாடின என்று கேளுங்கள், முடிந்தால் ஒரு ராத்திரி அவற்றோடு போய்ப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: லூசியானா சதுப்பில் வேட்டை. என் ரெட்போன் கூன்ஹவுண்டுக்கு மூன்று வயது. தரையில் சூரன், தண்ணீர் வந்ததும் கரையிலேயே நின்று கத்துகிறது. என்ன செய்வது?

பதில்: ஒவ்வொரு அடியையும் மோந்து மோந்து போகிற நாய்க்கு இந்தச் சிக்கல் வரும். தண்ணீருக்குள் காலடி வாடை நிற்காது. சைப்ரஸ் மரங்களின் வேர்முண்டுகளில், விழுந்த கட்டைகளில், காற்றில்தான் மிச்சம் இருக்கும். சதுப்புக்கு வேண்டியது தலையைத் தூக்கிக் காற்றில் வாடை பிடித்து, குறுக்கே தாண்டிப்போய் அக்கரையில் தடத்தை மறுபடி எடுக்கிற நாய். உங்கள் நாயைக் கரையிலிருந்து கூப்பிட்டுத் திருப்பாதீர்கள், கூடவே சுற்றி அக்கரைக்குப் போய் அங்கே தேடவிடுங்கள், அப்படி ஓடத் தெரிந்த மூத்த நாய் ஒன்றோடு சேர்த்து விட்டால் இன்னும் நல்லது. மூன்று வயதில் பாணி பெரும்பாலும் படிந்துவிட்டிருக்கும், முழுதாக மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெயில் காலத்தில் முதலை நடமாட்டம் உண்டு, குளிர் மாதங்களாகப் பார்த்துப் போங்கள். ஆழமான தண்ணீரில் ரக்கூன் நாயின் தலைமேல் ஏறிக்கொண்டால் நாய் மூழ்கிப்போகிற ஆபத்தும் இருக்கிறது, அதனால் தண்ணீருக்குத் தயங்குகிற நாயை ரொம்பவும் திட்டாதீர்கள்.

கேள்வி: பிளாட் ஹவுண்ட் ரக்கூனுக்கு ஆகுமா?

பதில்: ஆகும், ஆனால் வம்சம் பார்க்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வட கரோலினா மலைகளில் கரடி வேட்டைக்காக வளர்த்த நாய் இது, 1989-இல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நாயும் ஆனது. கரடி, காட்டுப்பன்றி வம்சத்து நாயை வெறும் ரக்கூனுக்கு வைத்துக்கொள்வது அதன் துணிச்சலை வீணடிப்பது என்பது என் கட்சி. கரடியும் பன்றியும் உள்ள பகுதி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: மிச்சிகனில் ஜனவரி ராத்திரி. நாய் மரத்தைக் காட்டுகிறது, விளக்கடித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பொய்க்குரையா?

பதில்: மரத்தில் பொந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரக்கூன் முழுக் குளிர்கால உறக்கம் போடாது, ஆனால் கடுங்குளிரில் வாரக்கணக்கில் பொந்தைவிட்டு வராது, அப்படியானால் நாய் சொன்னது நிஜம். இலை உதிர்ந்த, பொந்தே இல்லாத மரமென்றால், ரக்கூன் கொஞ்சம் ஏறிவிட்டுப் பக்கத்தில் குதித்து ஓடியிருக்கும். அனுபவமுள்ள நாய் மரத்தைச் சுற்றி வந்து, வெளியே போன தடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குரைக்கும். உங்கள் நாய் சுற்றுகிறதா என்று அடுத்த முறை கவனியுங்கள். சுற்றாமலே குரைக்கிற நாயை வெறும் மரத்தடியில் தட்டிக்கொடுக்காதீர்கள், பேசாமல் கயிற்றை மாட்டிக் கூட்டிக்கொண்டு போங்கள்.