மகளின் படிப்புக் கடன்: தோப்பை விற்கும் முன் ஸ்டேட்மென்ட்டைக் கையில் வாங்குங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. மகள் தனியார் கல்லூரியில் பிடிஎஸ் முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு பல் கிளினிக்கில் மாதம் 20,000 சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். படிப்புக்காக தேசிய வங்கி ஒன்றில் 7,50,000 ரூபாய் கடன் வாங்கினோம். 10 சதவீத வட்டி. வருஷத்துக்கு 1,87,500 வீதம் நான்கு வருஷம் கொடுத்தார்கள். இப்போது அது 11,58,000 ஆகிவிட்டது, மாதம் 15,300 வீதம் பத்து வருஷம் கட்ட வேண்டும் என்கிறார்கள். "கட்டாதே, எலக்‌ஷன் வரட்டும், தள்ளுபடி ஆகும்" என்கிறார் மச்சான். "பெத்தது நாம, அவ தலையில ஏத்தாதே, தோப்பை வித்துக் கட்டிடலாம்" என்கிறாள் மனைவி. இந்தக் கடனை யார் கட்ட வேண்டும்?

பதில்: சட்டப்படியான பதில் சுருக்கமானது. இருவருமே கட்ட வேண்டும். நீங்கள் சும்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இல்லை, இணைக் கடன்தாரர். மகள் கட்டாவிட்டால் உங்களிடம் கேட்கவும், நீங்கள் கட்டாவிட்டால் மகளிடம் கேட்கவும் வங்கிக்கு உரிமை இருக்கிறது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் விழுந்தால் இரண்டு பேருக்கும்தான் விழும்.

ஆனால் யார் கட்டுவது என்பதைவிட எவ்வளவு கட்டுவது என்பதை முதலில் பார்ப்போம். நீங்கள் சொன்ன 11,58,000 எனக்கு இடிக்கிறது.

கல்விக் கடனுக்கு வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஒரு வருஷத்துக்கும் தனி வட்டிதான் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே தனி வட்டி. பிடிஎஸ் பயிற்சியோடு சேர்த்து ஐந்து வருஷம், அதன்மேல் ஒரு வருஷம், ஆக ஆறு வருஷம். முதல் வருஷம் கொடுத்த 1,87,500-க்கு ஆறு வருஷ வட்டி 1,12,500. அடுத்ததற்கு ஐந்து வருஷ வட்டி 93,750. அதற்கடுத்தது 75,000. கடைசியாகக் கொடுத்ததற்கு மூன்று வருஷம், 56,250. மொத்த வட்டி 3,37,500. அசலோடு சேர்த்தால் 10,87,500.

வருஷா வருஷம் வட்டியை அசலில் சேர்த்து, அதற்கும் வட்டி போட்டுப் பார்த்தேன். 11,58,000 சொச்சம் வந்தது. 70,500 ரூபாய் வித்தியாசம்! கம்ப்யூட்டரில் கணக்கைத் தொடங்கியவர் வட்டி முறையைத் தவறாகப் போட்டிருக்கலாம், அல்லது இடையில் வட்டி விகிதம் மாறியிருக்கலாம். முதல் நாளிலிருந்து இன்றுவரைக்கும் உள்ள ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்கி, கடன் அனுமதிக் கடிதத்தில் வட்டி பற்றி எழுதியிருக்கும் வரியோடு ஒத்துப் பாருங்கள். நான் வங்கியில் இருந்த காலத்தில் அப்பாமார்கள் அந்தக் கடிதத்தை லேமினேட் பண்ணி மஞ்சப் பையில் கொண்டுவருவார்கள். சாமி படம் மாதிரி பத்திரமாக வைத்திருப்பார்கள். படித்துப் பார்த்தவர் மட்டும் அபூர்வம்.

அதே கவுன்ட்டரில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தொழிற்கல்வி படித்திருந்தால், படிப்புக் கால வட்டியையும் அதற்குப் பிந்தைய ஒரு வருஷ வட்டியையும் மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. இரண்டரை ஏக்கர் தோப்புக்காரருக்கு அந்த வரம்பு பெரும்பாலும் பொருந்தும். கல்லூரியின் அங்கீகாரம் முதலான நிபந்தனைகளும் உண்டு. தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழை அப்போது கொடுத்தீர்களா, வங்கி மானியம் கோரியதா, கோரியிருந்தால் எந்த வருஷம் வரவானது என்று கேளுங்கள். அந்தந்தக் காலத்தில் கோர வேண்டிய பணம் இது, இப்போது கிடைப்பது கஷ்டமாக இருக்கலாம். ஆனாலும் 3,37,500 ரூபாய் விஷயம், வெட்கப்படாமல் கேளுங்கள்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஒன்றுமில்லாமல் பேசவில்லை. 2021-ல் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி ஆனதையும், அதே வருஷம் கூட்டுறவில் ஐந்து பவுன் வரை நகைக் கடனுக்குத் தள்ளுபடி அறிவித்ததையும் கண்ணால் பார்த்தவர். ஆனால் கூட்டுறவு சங்கம் மாநில அரசின் கைக்குள் இருப்பது. தேசிய வங்கியின் கல்விக் கடன் அப்படி இல்லை. காத்திருக்கும் நாளில் என்ன நடக்கும் தெரியுமா? தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். பாலக்கோடு பக்கத்தில் ஒருவர் வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமலே மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் செருகி வைத்திருந்தார். பதினோரு கடிதம். இளைய மகனுக்குக் கல்விக் கடன் கேட்டு என்னிடம் வந்த அன்றுதான் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

தோப்பை விற்க வேண்டாம். மாதாமாதம் கட்டித் தீர்க்கக்கூடிய கடனுக்கு, திரும்ப வாங்க முடியாத நிலத்தைக் கொடுப்பது சரியான வியாபாரம் இல்லை. 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. நீங்கள் எழுதிக் கொடுக்காத தோப்பை வங்கி நேராக வந்து எடுத்துக்கொள்ள முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதேபோல், தவணை கட்டுவதற்காக ரெண்டு வட்டிக்கு வெளியே வாங்காதீர்கள். ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். 10 சதவீதக் கடனை அடைக்க 24 சதவீதக் கடன் வாங்கும் ஆளை நான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வங்கி பத்து வருஷம் என்றால் அதோடு நிற்காதீர்கள். மாதிரித் திட்டம் 15 வருஷம் வரை அனுமதிக்கிறது. 10,87,500-க்குப் பத்து வருஷத் தவணை சுமார் 14,370. பதினைந்து வருஷம் என்றால் 11,690. மொத்தமாகப் பார்த்தால் நீண்ட தவணையில் 3.8 லட்சம் கூடுதலாகப் போகும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. மகளின் சம்பளம் ஏறியதும் மாதம் 2,000 சேர்த்துக் கட்டினால் பதினோரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். கஷ்டமான மாதத்தில் 11,690-க்கு இறங்கிக்கொள்ளலாம். 20,000 சம்பளக்காரருக்கு அந்த இறங்கும் இடம் முக்கியம்.

வருமான வரியில் 80இ பிரிவுக் கழிவு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வட்டிக்கு மட்டும், எட்டு வருஷம், அதுவும் பழைய வரி முறையில். இந்தச் சம்பளத்தில் மகளுக்கு வரியே இல்லை, உங்கள் மாங்காய் வருமானத்துக்கும் இல்லை. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். கடிதத்தில் மச்சான் பேசுகிறார், மனைவி பேசுகிறார், மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பல் பிடுங்கத் தெரிந்த பெண்ணுக்குத் தன் கடன் எவ்வளவு என்று தெரியுமா? தெரியாவிட்டால் தப்பு அவளுடையது மட்டும் இல்லை. "நீ படிப்பைப் பாரு, மத்ததை அப்பா பார்த்துக்கறேன்" என்று நாம்தான் சொல்லி வளர்த்தோம். பட்டம் அவளுடையது, நாற்பது வருஷம் அதை வைத்துச் சம்பாதிக்கப் போகிறவளும் அவள். கடனும் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். முதல் சில வருஷம் நீங்கள் கை கொடுக்கலாம்.

என் கணக்கில் மகள் 7,000, நீங்கள் 4,700. உங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆகவே ஆனி மாசம் பெங்களூரா மாங்காய் அறுத்து, மாங்கூழ் ஆலைக்காரர் பாக்கி வைக்காமல் பணம் கொடுத்ததும், 56,400-ஐ மொத்தமாகத் தவணை பிடிக்கும் கணக்கில் போட்டுவிடுங்கள். விலை சரிந்த வருஷம் முடியாமல் போகலாம், அதை அவளிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். நீங்கள் கொடுத்ததை ஒரு நோட்டில் இருவரும் எழுதி வாருங்கள். பின்னால் திரும்பக் கேட்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் எழுதாமல் விடாதீர்கள். வரன் பார்க்கும்போதும் இந்த நோட்டு உதவும். கல்யாணத்துக்குப் பிறகு கடன் விஷயம் வெளியே வந்து சண்டையான வீடுகள் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

வங்கிக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம். கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லச் சொல்லி மகளையும் கூட்டிப் போங்கள், பேசுவது அவளாக இருக்கட்டும். ஒரே கடிதத்தில் மூன்றும் கேளுங்கள்: தனி வட்டிப்படி கணக்கைத் திருத்துவது, மானியம் பற்றிய விவரம், 15 வருஷத் தவணை. நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை. சீல் போட்ட அந்த நகல் அப்போது தேவைப்படும். பதில் வரும் வரை முடிந்த தொகையை மாதாமாதம் கட்டிக்கொண்டே இருங்கள், வழக்கில் இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள்.