நண்டும் தும்பியும்

கேள்வி: நண்டுக்கு வலிக்குமா என்பதே நிச்சயமாகத் தெரியாது. அதற்குள் வெளிநாட்டில் சட்டம் போட்டுவிட்டார்கள். இது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: 'நிச்சயமாக' என்கிறீர்கள். அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. பெண்ணுக்கு நிச்சயம் செய்கிறோமே, மாப்பிள்ளை நல்லவர் என்று யாருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்? நாலு பேரிடம் விசாரிக்கிறோம், குலசாமியைக் கும்பிட்டுத் தாம்பூலம் மாற்றுகிறோம். தெரிந்தவரை பார்த்து நடப்பதற்குத்தான் நம் ஊரில் நிச்சயம் என்று பெயர். நண்டுக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

முழுசாகத் தெரியட்டும் என்று காத்திருந்த கதை ஒன்று உண்டு. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980-கள் வரை போதிய மயக்கமருந்து இல்லாமலே ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அழுததையும் துடித்ததையும் அனிச்சைச் செயல் என்றார்கள். இதை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

பிரிட்டனில் 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிய பிறகுதான் நண்டு, இறால், கணவாயை உணர்வுள்ள உயிர்கள் என்று 2022 சட்டத்தில் சேர்த்தார்கள். தின்னக் கூடாது என்று அது சொல்லவில்லை. அரசு முடிவெடுக்கும்போது அவற்றின் நலனையும் பார் என்கிறது. வெளிநாட்டை விடுங்கள். நம் 1960-ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும்தான். உணவுக்காகக் கொல்லலாம், தேவையில்லாத வேதனை கூடாது. நண்டு அதற்குள் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதற்கும் முன்னால் தொல்காப்பியம் 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே' என்றது. மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி போனால் சமணர் மலையில் ஏறிப் பாருங்கள். மயிற்பீலியால் தரையைத் தடவிவிட்டுக் கால் வைக்கும் துறவிகள் இருந்த மலை அது. எறும்பு இருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொண்டா தடவினார்கள்? 'கீரைக்கும் உயிர் உண்டே' என்று மாதாமாதம் எழுதும் அன்பருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: புல்லுக்குத் தொல்காப்பியம் ஓரறிவுதான் கொடுத்தது. கீரைக்கு நரம்பு மண்டலமும் இல்லை, மூளையும் இல்லை. சந்தேகம் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை.

நானும் நண்டு சாப்பிடுகிறவன்தான். மதுரை கரிமேடு மீன் மார்க்கெட்டில் ஒருநாள், கொடுக்கைச் சணலால் கட்டிய நண்டைக் கடைக்காரர் உயிரோடு கால் காலாகப் பிய்த்தார். மிச்சமிருந்த கால்கள் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தன. அப்புறம் எப்போது வாங்கினாலும், ஐஸில் போட்டு அசைவு நின்ற பிறகு வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். உங்கள் ஊர் மார்க்கெட்டிலும் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், போடுகிறேன்.